அப்பாவின் அறைக்கு வெளியே

சாவு என்ற சொல்லே காதில் விழாமல் வளர்க்கப்பட்டவன் நான். அப்பாவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மராத்தி பேசும் ஊருக்கு மாற்றலாகி, அங்கே கோர்படி என்ற பகுதியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் சிநேகிதர்கள் பலர் அதே ஊரின் இன்னொரு கோடியில், கசார்வாடிப் பட்டறைகளில் வேலை பார்த்தார்கள். அங்கே யாராவது தவறிவிட்டால், என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் போவார்கள். சாவு வீட்டிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு திரும்புவார்கள். கேட்டால், "கசார்வாடில நல்ல மழை, கண்ணு" என்பார் அம்மா. சித்திரை வெயிலில். கல்லூரிக்குப் போகும்வரை கசார்வாடியைச் சிரபுஞ்சிக்குத் தம்பி என்றே நினைத்திருந்தேன்.

இப்படி வளர்த்ததன் பலன், ஐம்பதை நெருங்கும் வயதிலும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என் நாடியை நானே பிடித்துப் பார்ப்பேன். நாடி இருக்கும். எதற்கும் அடுத்த கையிலும் பார்த்துவிடுவேன்.

இந்தப் பயம் தாங்காமல்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பௌத்த விகாரைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஒரு பிக்கு, மூப்பும் நோயும் சாவும் கண்ணில் படாமல் அரண்மனைக்குள் வளர்க்கப்பட்ட அரசகுமாரனைப் பற்றி மராத்தியில் சொன்னார். எங்கள் குவார்ட்டர்ஸ் விவரத்தை யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு, இந்த உடம்பு ஒருநாள் விழும் என்று நினைத்தபடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். எல்லோரும் கவனித்தார்கள். நான் என் மூச்சு நின்றேவிட்டது என்று முடிவுகட்டி, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வெளியே ஓடி, கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். அடுத்த ஞாயிறு செருப்பைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் மறுபடி போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

அந்த அரசகுமாரன் வெளியே போக ஏங்கினான். எனக்கோ உள்ளே போக வேண்டும். இப்போது நாங்கள் இருக்கும் கோந்த்வா ஃப்ளாட்டில் அப்பா படுக்கையில் கிடக்கிறார். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவின் முதுகில் படுக்கைப்புண். தினமும் காலையில் அம்மா அதைத் துடைத்து மருந்து வைப்பார். அதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கும்படி எனக்கு உத்தரவு வரும். நான் குறைத்துவைப்பேன். உள்ளே அப்பா முனகுவதும், நடுவில் இருவரும் எதற்கோ சிரிப்பதும் கேட்கும். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் போலிருக்கும்.

போன வாரம் பிடிவாதம் பிடித்து உள்ளே போனேன். அம்மா புண்ணின் கட்டைப் பிரித்தது வரைக்கும்தான் ஞாபகம். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். படுத்த படுக்கையாக இருக்கிற மனிதர் எனக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கதவு மறுபடி சாத்தியிருந்தது. அதை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"வெளிய உக்காந்துருக்கானா? உள்ள வரச்சொல்லு" என்றது அப்பாவின் குரல்.

"கதவோரமாத்தான். நாளைக்குப் பாத்துக்கலாங்க, பாவம், பயந்துக்குவான்."

அப்பாவுக்கு இன்னும் எத்தனை 'நாளை' இருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை.

"இன்னிக்கே வர்றேனுங்கம்மா," என்றேன். "தரையில உக்காந்துட்டே பாக்கறேன். உளுந்தாலும் தூரமில்லீங்க."

உள்ளே அப்பா சிரித்தார். இருமினார். பஞ்சு வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தரிக்கோல் சத்தம் நின்று, காலடி கதவை நோக்கி வந்தது.