பத்திரிகையின் கடைசி வரி

என் கல்யாணப் பத்திரிகையில் என்னைப் பற்றி இருந்தது இரண்டே வரி. மீதி இடம் பூராவும் சித்தப்பா, பெரியப்பா, மாமாக்கள், அவர்கள் வாங்கிய பட்டங்கள். ஒரு மாமாவின் பெயருக்குக் கீழே 'ஷூ கம்பெனி சூப்பர்வைசர்' விட்டுப்போனதற்கு அவர் இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. ஆம்பூர் அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஐந்தாவது புரூஃப் வந்தபோது, பேசாமல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று நிஜமாகவே தோன்றியது.

அந்த ஐந்தாவதில்தான் அடியில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. 'எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க' என்று மாப்பிள்ளையின் அண்ணன் பிள்ளைகள் நான்கு பேர் அழைத்தார்கள். அதில் கடைசிக்கு இன்னும் பேச்சே வரவில்லை. பக்கத்தில் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கென்று இடம் காலியாக விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது, கூடவே கோபமும் வந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "அந்த வரிய எடுத்துடச் சொல்லுங்க, பாக்கவே பேஜாரா இருக்குது" என்றேன். காரணம் சொல்லவில்லை. அதுவே வினையாயிற்று. ராணிப்பேட்டையிலிருந்து அவருடைய அண்ணி கூப்பிட்டு, "எங்க பசங்க பேரு இருந்தா உங்களுக்கு இன்னா நஷ்டம்?" என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. "தப்பா நினைச்சுக்காதம்மா, பெரியவளுக்குப் புள்ள இல்ல, அவ மனசு நோவும்னுதான் சின்னவ சொல்றா" என்று போட்டு உடைத்துவிட்டாள். மறுநாளே வரி போய்விட்டது. நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகை அச்சாகி வந்த வாரமே அந்த அண்ணி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு வேலூரில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறார். தட்டில் வெற்றிலை பாக்கோடு யாரோ ஒரு டாக்டரின் விசிட்டிங் கார்டு. அரைமணி நேரம் ஆறுதல் வேறு.

அன்று சாயந்திரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாலு பசங்க பேரு இருந்திருந்தா படிச்சுட்டு சிரிச்சிருப்பேன். என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பசங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்ததே நான்தான். இப்ப ராணிப்பேட்டை பூரா என் வயித்தப் பத்திதான் பேச்சு. எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டியாடி?"

கேட்கவில்லை. ஒரு மாதமாக ஊர் பூராவோடும் போனில் மல்லுக்கு நின்றவள், அக்காவுக்கு மட்டும் ஒரு போன் போடவில்லை.