வேன் கதவில் இருந்த பிறந்தநாள்

வாகனக் காப்புறுதியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாதையில் நொறுங்கிய வண்டிக்கு எப்படியாவது பதில் சொல்லிவிடலாம், நம் காவலில் இருக்கும்போது அடிபட்ட வண்டிக்குச் சொல்ல ஒரு பதிலும் வராது. தொண்ணூறுகளின் கடைசியில் இலங்கை மலையகத்துப் பதுளைக் கிளையில் இந்தப் பாடு பட்டவன் நான். கவுண்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய எல்லோருக்கும் இது புரியும்.

பலாப்பழம்

விபத்து வண்டிகளை நிறுத்தும் எங்கள் வளவில் ஒரு பலாமரம் நின்றது. பழம் விழும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வெட்டவில்லை. ஹாலிஎலயில் படிப்பித்த யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருவரின் கார் பின்பக்கம் நசுங்கி வந்தது. மூன்றாம் நாள் பழம் விழுந்து கூரையும் நசுங்கியது. நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, அதை இரண்டு தரம் வாசித்தும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கூரையைத் திருத்தித் தாங்கோ, பழத்தை நான் கொண்டுபோறன்."

முனியாண்டியின் வேன்

எல்லோரும் அந்த ரீச்சரைப் போல விட்டுவிடுவார்களா? ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து முனியாண்டியின் வேனை பசறைப் பாதை வளைவில் ஒரு பஸ் உரசியது. முன்பக்கம்தான் சேதம். எங்களிடம் வந்த இரண்டாம் நாள், எங்கள் பிக்கப்பே ரிவர்ஸில் வந்து அதன் பக்கக் கதவில் மோதிவிட்டது. முனியாண்டி கோபப்படவில்லை. லயத்து வீடுகளில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டி, சீக்கிரம் கொடுத்தால் போதும் என்றார்.

அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. நல்லதாக ஏதாவது செய்வோம் என்று மனேஜரிடம் கேட்டேன். அவரும் தாராளமாகவே சொன்னார்: "உள்ளும் புறமும் முழுக்கப் பெயின்ட் அடிச்சுக் குடும், மனுசன் சந்தோசப்படட்டும்."

பளபளப்பு

வண்டியை எடுக்க வந்த முனியாண்டி கதவைத் திறந்து உட்பக்கத்தைக் கையால் தடவினார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போகும் வழியில் வேனுக்குள்ளேயே பிறந்த பிள்ளைகளின் பெயரையும் திகதியையும் அவர் அந்தத் தகரத்தில் ஆணியால் கீறி வைத்திருந்தாராம். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் திகதி போட்ட ஆஸ்பத்திரித் துண்டு இருக்கிறது. ஈஸ்வரி என்ற ஒரு பிள்ளைக்கு மட்டும் இல்லை. அன்று மண் சரிந்து பாதை அடைபட்டதால், வேனில் பிறந்தவளை அப்படியே லயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். பிறப்பைப் பதியவில்லை. அடுத்த வருடம் தாய் காய்ச்சலில் போய்விட்டாள், தகப்பனைப் பற்றித் தகவலே இல்லை. வளர்க்கிற சின்னம்மா லெட்சுமி இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பார்க்கிறாள். பிறப்புப் பத்திரம் கேட்கிறார்கள். சாட்சி சொல்லத் தோட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், எந்த நாள் என்பதுதான் ஒருவருக்கும் நினைவில்லை. கதவைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார்கள்.

முனியாண்டி எழுந்து கதவை மெதுவாக மூடினார். "வேல நல்லாத்தான் செஞ்சிருக்கீங்கய்யா. அந்தப் புள்ளைக்கு நான் என்னான்னு சொல்றது?"

மூன்றாவது வரி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்த அன்றே கதவுகளைத் திறந்து வைத்துப் படம் எடுப்போம். பழைய கீறல்களை எங்கள் தலையில் கட்டிவிடக் கூடாது என்ற சின்னப் புத்திதான் காரணம். இது எனக்கு ஞாபகம் வந்தபோது முனியாண்டி போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. கோப்பைப் புரட்டினேன். கதவின் உட்பக்கப் படம் இருந்தது, எழுத்துகள் எறும்பளவு. நெகட்டிவை எடுத்துக்கொண்டு கடைவீதி ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பெரிதாக்கிய படத்தின் மூன்றாவது வரியில் ஈஸ்வரி இருந்தாள், பக்கத்தில் திகதியும் தெளிவாக இருந்தது. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே ஸ்பிரிங்வெளிக்குப் போய்ப் படத்தை லெட்சுமியிடம் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாதவள், பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அவள் பிள்ளையின் விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தாள். "தொட்டுப் பாரு, ஒங்கம்மா ஒன்னயப் பெத்த நாளு."

வாசலில் நின்ற வேனில் முனியாண்டி அந்தப் பெயர்களை மறுபடி எழுதத் தொடங்கினார். நாங்கள் அடித்துக் கொடுத்த புதுப் பெயின்டை வாடிக்கையாளர் ஆணியால் கீற, இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கீறுங்கள் என்று நான் சொன்னது என் சேவைக்காலத்தில் அன்று மட்டும்தான்.