சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறைக்கு

சுன்னாகத்தில் இருக்கும் அண்ணையின் கம்ப்யூட்டரை இன்று காலை கனடாவில் என் சமையலறையில் இருந்தபடியே திருத்தினேன். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அவருடைய திரை என் திரையில் தெரியும். நான் மவுஸை அசைத்தால் அங்கே அம்புக்குறி ஓடும்.

பிரிண்டர் சரிவந்தது. இணைப்பைத் துண்டிக்கப் போனேன்.

"நில்லடா," என்றார் போனில். "மேலையிருந்து பாக்கிற மேப் ஒண்டு இருக்காமே. எங்கடை வீட்டைக் காட்டு பாப்பம்."

காங்கேசன்துறை வீடு. தொண்ணூறில் ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்த பிறகு எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. இன்றும் அது இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளேதான் கிடக்கிறது.

அவருடைய கம்ப்யூட்டரிலேயே மேப்பைத் திறந்து தேடினேன். கூரை இல்லை, மதில் இல்லை, ஒரே பற்றைக் காடு. கிணற்றை வைத்துத்தான் எங்கள் வீட்டு வளவைக் கண்டுபிடித்தேன்.

"மவுஸிலையிருந்து கையை எடு, நான் பாக்கிறன்."

எடுத்தேன். என் திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்து கிணற்றடிக்குப் போய் நின்றது. வெகுநேரம் அசையவே இல்லை.

"அண்ணை, லைனிலை நிக்கிறீங்களோ?"

"ஓம். இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ."

பெருப்பித்தேன். படம் சதுரம் சதுரமாக உடைந்தது.

"இதுக்கு மேலை போகேலாது அண்ணை."

"இதிலையும் விடமாட்டாங்களோ?"



சுன்னாகத்திலிருந்து எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். அண்ணை இன்று கனடாவைச் சுற்றிக்கொண்டு போய், கிணற்றடியோடு திரும்பி வந்திருக்கிறார்.

இதைவிடக் குறுக்குப் பாதை தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.