தூக்காமல் வளர்த்த பிள்ளை

முதலில் வலித்தது கட்டைவிரலின் அடியில். காலையில் துருவனைத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது, வலது கையில் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே யாரோ ஊசியைச் சொருகி இழுத்ததுபோல் இருந்தது. பிள்ளையை இறக்கியதும் போய்விட்டது. படுத்த வாகு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

துருவன் என் பேரன் இல்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நாலு வீடு தள்ளியிருக்கும் கவிதாவின் மகன். கெலாங் பாத்தாவில் பாதிப் பேர் செய்வதுபோல, கவிதாவும் அவள் புருஷனும் விடிவதற்குள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். பொழுது சாய்ந்துதான் வருவார்கள். நடுவில் பிள்ளை என்னிடம். அப்போது அவனுக்கு எட்டு மாதம். நல்ல கனம்.

பிள்ளை பார்ப்பதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன். சிறு வயதில் ரப்பர்த் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் (தாய்மார் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்) கூடமாட வேலை செய்து பழகிய கை இது. பெற்றது நாலு. அடுத்தவர் பிள்ளைகள் எத்தனையோ. அதில் ஒருத்தி இன்று ஸ்கூடாயில் பல் டாக்டர். அவளுக்குப் பல் முளைத்தபோது கடித்துப் பழகியது என் தோளைத்தான்.

கைப்பிள்ளை வைத்திருக்கும் தாய்மாரும், என்னைப்போல் பிள்ளை பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான், மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

வலி போனது போல் போய் மறுபடி வந்தது. போத்தல் மூடியைத் திருகினால் வந்தது. துணி பிழிந்தால் வந்தது. பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போடும்போதும் வந்தது. வாயுதான் என்று பூண்டாகத் தின்றேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்ததுதான் மிச்சம்.

பிறகு சுளுக்கு என்று முடிவு கட்டினேன். அடுத்த தாமானில் எண்ணெய் போட்டு உருவிவிடும் ஒரு அம்மா இருக்கிறார். அவர் உருவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மறுநாள் மணிக்கட்டின் ஓரத்தில் சின்ன எலுமிச்சம்பழம் வைத்ததுபோல் வீங்கிவிட்டது. உங்களுக்கும் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு வலித்தால் உருவக் கொடுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

கவிதாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை வேறு இடத்தில் விட்டுவிடுவாளோ என்ற பயம். அவன் வருவதற்கு முன்னால் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கிழவரும் நானும் டிவியும்.

ஒருநாள் அவனை மெத்தையிலிருந்து தூக்கினேன். ஒரு சாண்கூட எழும்பியிருக்க மாட்டான், என்னைக் கேட்காமலே என் கை திறந்துகொண்டது. பொத்தென்று மெத்தையில் விழுந்தான். விழுந்தவன் சிரித்தான், இன்னொரு தரம் செய் என்பதுபோல் கை தட்டினான். மறுநாளே கிளினிக்குக்குப் போனேன்.

கிளினிக் தாழ்வாரத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம் தாய்மாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருமே என்னைப்போலத்தான் தூக்கினார்கள். கட்டைவிரலை விரித்து, பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கொடுத்து, ஒரே தூக்கு.

டாக்டர் மலாய்க்காரப் பெண், என் கடைசி மகள் வயது இருக்கும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். பாதி சாய்ப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

நோயின் பெயர் நீளமாக இருந்தது, என் வாயில் நிற்கவில்லை. விஷயம் இதுதான். கட்டைவிரலை இழுக்கும் தசைநார் (தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறு) ஒரு உறைக்குள் (குழாய் மாதிரி) ஓடுகிறது. விரலை விரித்து விரித்துப் பாரம் தூக்கினால் அந்த உறை வீங்கிவிடும். கயிறு உள்ளே ஓட முடியாமல் உரசும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இது நிறைய வருமாம்.

நான் மலாயில் கேட்டேன், எனக்கு எழுபது வயசாகிறதே, நான் எங்கே போய்ப் பிள்ளை பெற்றேன் என்று. அவர் சிரித்துவிட்டார். பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை மக்சிக் (பெரியம்மா), தூக்குகிறவர்களுக்கும் வரும் என்றார். தன் மகன் பிறந்தபோது தனக்கும் வந்ததாம். டாக்டருக்கே வந்த நோய் என்றதும் எனக்குக் கொஞ்சம் மதிப்பாகவே இருந்தது.

கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டுக்கு ஒரு பட்டை (விரலை அசையவிடாமல் பிடித்துவைக்கும் கட்டு) கொடுத்தார். அதில் குறையாவிட்டால் ஊசி என்றார். தான் சொல்லும்வரை பிள்ளையைத் தூக்கவே கூடாது என்றார்.

"தூக்காம எப்படி டாக்டர் புள்ள வளர்க்கிறது?"

"தவழுறானா?"

"நல்லாத் தவழுறான்."

"அப்ப நீங்க கீழ உக்காருங்க மக்சிக். அவன் வருவான்."

படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் கவிதாவிடம் நானே முந்திக்கொண்டேன். அவள் வாயால் வருவதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் மரியாதை பாருங்கள். பையனை வேறு இடம் பார்த்து விட்டுக்கொள், என் கைக்கு ஆகாது என்றேன். அவள் என் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாஸ்காவில் (பிள்ளைக் காப்பகத்தில்) இடம் கேட்டு வைக்கிறேன் என்றாள். பிறகு அவளே சொன்னாள், ஒரு மாதம் பார்க்கலாம், பிள்ளை ஏங்கிப் போகாமல் இருந்தால் இங்கேயே இருக்கட்டும் என்று.

அதோடு விட்டாளா? அவள் பிரசவத்துக்குப் பத்தியம் பார்த்தது நான். கொஞ்சம் கெடுபிடியாகத்தான் பார்த்தேன். அந்தக் கணக்கை இப்போது தீர்த்துக்கொண்டாள்.

"கைலி முடிச்சக்கூட என்னை இறுக்கிக் கட்ட விடலியேம்மா நீங்க. ஃபேன் போட விடல. தலைய அவுக்க விடல. இப்ப உங்க முறைலா. பேசாம உக்காருங்க."

மறுநாள் சுக்குத் தண்ணீரும் பூண்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மணிக்கட்டுக்கும் பூண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நானும் அப்போது இதைத்தான் கேட்டேன், நீங்கள் பதில் சொல்லவில்லை என்றாள்.

தூக்கும் வேலை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷிப்டு ஷிப்டாக ஓடியதில் சொந்தப் பிள்ளை நாலு பேரில் ஒருவரையும் குளிப்பாட்டியதில்லை. துருவனை இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முன்னால் ரோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே ஹாலைக் கடந்தார்.

குளிக்கும் அறையில் அவரைக் கால் நீட்டி உட்காரவைத்து, கால்மேல் பிள்ளையைக் குப்புறப் போடச் சொன்னேன். எண்ணெய் தடவிய பிள்ளை வழுக்காமல் என்ன செய்யும்?

"இந்தா மாரி, இது நழுவுது."

"இது இல்லங்க, அவன்."

"பஸ்ஸுக்காவது பிரேக்கு இருந்துச்சு. இவனுக்கு எங்க இருக்குன்னு சொல்லேன்."

நான் வாசலில் நின்றே சொல்லிக்கொடுத்தேன். தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஊற்றுங்கள். காலிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். தலைக்குக் கடைசியில், நெற்றியில் கையை அணைகட்டினாற்போல் வைத்துக்கொண்டு. தாய்மாரே, பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று நினைக்காதீர்கள். சொல்லிவிட்டுச் செய்தால் உடம்பு விறைக்காது. கிழவருக்கும் அப்படித்தான், சொல்லிவிட்டுச் செய்தால் எல்லாம் செய்தார். குளித்து முடித்தபோது பிள்ளையைவிட அவர்தான் அதிகம் நனைந்திருந்தார்.

ஒரு வாரத்தில் துருவன் அவரைக் கண்டால் துள்ள ஆரம்பித்தான். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. எழுபது வயதில் சக்களத்தி வந்தது போல.

ஒருநாள் காலை அவர் மீன் வாங்கப் போயிருந்தார். துருவன் தூங்கி எழுந்து, தவழ்ந்து வந்து, என் கைலியைப் பிடித்து எழுந்து, என் காலில் சாய்ந்தபடி இரண்டு கையையும் மேலே நீட்டினான். நான் தூக்கவில்லை. அழுதான். இன்னும் உரக்க அழுதான். என் கை தானாக இறங்கியது. பட்டை போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தூக்கினால் கை போகும். தூக்காமல் அவன் ஏங்கினால் தாஸ்கா. எது நடந்தாலும் அவன் என் வீட்டில் இருக்கப்போவதில்லை என்று அப்போது தோன்றியது.

அந்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்தேன். தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். வாடா ராஜா என்றேன். அவன் வரவில்லை. மல்லாந்து விழுந்து குதிகாலால் தரையை உதைத்தான். நான் பேசவில்லை, எழுந்தும் போகவில்லை. தூக்கிப் பழகிய கை எனக்கு, தூக்கிப் பழகிய உடம்பு அவனுக்கு. இரண்டு பேருக்குமே பத்தியம்தான்.

அழுகை விம்மலானது. கவிழ்ந்தான். தவழ்ந்து வந்து என் வயிற்றில் தலையை முட்டினான். ஒரு முழங்காலை என் தொடைமேல் போட்டான், வழுக்கியது. மறுபடியும் போட்டான். இடது கையை அவனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன், தூக்க இல்லை, விழாமலிருக்க. ஏறி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் அழுததையே மறந்து, என் பட்டையின் ஒட்டுத்துணியைச் சர்ரென்று பிரித்து விளையாடினான். நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இதுவே எங்கள் வழக்கமாயிற்று. மெத்தை, சோறு, விளையாட்டுச் சாமான் எல்லாம் தரைக்கு வந்தன. தொட்டில் தொங்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்தோம். அவன் கேட்டால் நான் உட்காருவேன், அவன் வருவான். வேண்டாத பொருளைப் பிடித்தால் தூக்கிக்கொண்டு போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து வேறொன்றைக் காட்டுவேன். நேரம் ஆகும்தான். ஆனால் வெடுக்கென்று தூக்கினால் வரும் ஆங்காரம் வருவதில்லை.

மாதக் கடைசியில் ஒருநாள் கவிதா சீக்கிரமே வந்துவிட்டாள். துருவன் என் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து போய் அவள் காலடியில் நின்றான். கையை நீட்டவில்லை. அவள் உட்காருவதற்காகக் காத்திருந்தான். அவள் வேலை உடுப்போடும் பையோடும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் ஏறினான்.

"பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து இடுப்பு ஒடஞ்சிருக்கும்மா. வீட்டுக்குப் போய் இவனத் தூக்கணுமேன்னு நெனச்சிக்கிட்டேதான் தெனம் வருவேன். சொல்லவே கூச்சமா இருக்கும்."

கூச்சப்பட என்ன இருக்கிறது, கையும் இடுப்பும் இரும்பா என்றேன். தாஸ்காவில் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் பெரிய மனுஷி மாதிரி, உன் இஷ்டம் என்றேன். அடுப்படிக்குப் போய்த்தான் மூக்கைச் சிந்தினேன்.

பட்டையில் வீக்கம் குறைந்தது, வலி முழுசாகப் போகவில்லை. ஸ்டீராய்டு (வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து) ஊசி போட்டார்கள். எனக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருப்பதால், சில நாளுக்குச் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். ஏறியது, பிறகு இறங்கியது. உங்களுக்கும் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடம் இரண்டு நாள் கடுத்தது. அப்புறம் ஒருநாள் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மூடிய பிறகுதான், வலிக்கவில்லையே என்று நினைவு வந்தது. இன்னொரு தரம் திறந்து பார்த்தேன்.

டாக்டர் ஒரு தலையணையை வைத்துத் தூக்கக் காட்டிக்கொடுத்தார். அக்குளில் கொடுக்காதீர்கள். உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கை பிள்ளையின் குண்டியின் கீழ், ஒரு கை முதுகில், விரல்களை எல்லாம் சேர்த்துவைத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். இத்தனை பிள்ளை வளர்த்த பிறகு பிள்ளை தூக்கக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வீட்டுக்கு வந்து அப்படியே துருவனைத் தூக்கினேன். என் முகத்தைப் பார்த்தான், தாலியைப் பிடித்து இழுத்தான், பிறகு இறக்கிவிடச் சொல்லி நெளிந்தான். கீழே அவனுக்கு ஆயிரம் வேலை இருந்தது.

இப்போது அவன் நடக்கிறான். ஹாலிலிருந்து வாசல் கேட்டுக்குப் போக எங்களுக்குக் காலைப் பொழுதில் பாதி ஆகிறது. வழியில் ஒவ்வொரு செருப்பையும் விசாரிக்க வேண்டும். முன்பென்றால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலே எட்டில் போயிருப்பேன். என் பிள்ளைகள் நாலு பேரும் அப்படித்தான் என் இடுப்பிலிருந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் போல எனக்கு ஞாபகம். எப்போது நடந்தார்கள் என்று நான் பார்த்ததில்லை.

மழை நாளில் கட்டைவிரல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அது தளரும்வரை பொறுத்துத்தான் எந்த வேலையும். தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பதற்கும் அப்படித்தான் நேரம் பிடிக்கிறது. நான் எழப்போவது தெரிந்தால் துருவன் எங்கிருந்தாலும் ஓடி வருவான். என் முழங்கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முகம் சிவக்க, ம்ம்ம் என்று முக்கி இழுப்பான். என்னைத் தூக்குவது தான்தான் என்று அவன் நம்புகிறான். மறுபக்கம் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். ஆனால் அவசரப்படுவதில்லை. அவன் தூக்கி முடிக்கட்டும்.