இரண்டு ஓட்டை போட்ட மேனுவல்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலிங்பெல் அடிக்கிறது, கதவைத் திறக்கிறேன். வாசலில் ஒருவர், இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்திக் கையுறை! திருடனோ, டாக்டரோ என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன்.

இரண்டும் இல்லை. பெயர் ரகு. மதுரைக்காரர். வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் எழுதுகிறார். சம்பளம் வாங்கி என்ன செய்கிறார் என்றால்... பழைய வீடியோ கேம்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்.

முத்துக் குளிக்கும் சுழியோடி விளையாட்டு ஒன்று என் அலமாரியில் தூங்குவதாக, வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் எப்போதோ போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஸ்டுட்கார்ட்டுக்கு ரயிலேறி வந்துவிட்டார். நான் மாய்ந்து மாய்ந்து எழுதுகிற தத்துவங்களை விட்டுவிட்டு, வாசகர்கள் எதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

அந்த விளையாட்டின் கசெட்டை எடுத்துக் கொடுத்தேன். கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சூப்பர் கண்டிஷன் சார்! பாக்ஸ் இருக்கா?"

"எறிஞ்சிட்டன்."

"பரவால்ல சார். மேனுவல்?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பித் தேத்தண்ணி கேட்டேன்.

"அப்ப லூஸா சார்?" என்றார் ரகு, முகம் வாடி.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஓம் தம்பி, கலியாணம் கட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும்."

பாவம், ரகு பதறிப் போனார். பெட்டியும் மேனுவலும் இல்லாத தனிக் கசெட்டுக்குச் சேகரிப்பவர்கள் பாஷையில் அதுதான் பெயராம். தேத்தண்ணி குடித்துத் தெளிந்த பிறகு எனக்கு ஒரு சின்னப் பாடம் நடத்தினார்.

"கேமை யார் வேணா வெச்சிருப்பாங்க சார். அந்தக் குட்டி புக்கைப் பத்திரமா வெச்சிருக்கறவங்கதான் ரேர். மேனுவல் இருந்தாத்தான் கம்ப்ளீட். நல்லா யோசிச்சுப் பாருங்க சார், யார்கிட்டயாவது இருக்கும்."

யோசிக்க என்ன இருக்கிறது? யாரிடம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளுக்கு ஒரு டெலிபோன் எடுக்கத்தான் ஐந்து வருடமாகத் தைரியம் வரவில்லை.

அந்த மேனுவல் அன்ரன் அண்ணையிடம் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன், தொண்ணூற்றொன்றில், நான் அகதியாக வந்து இறங்கியபோது, ஹைமில் — அதுதான், அகதிகள் விடுதியில் — எனக்குக் கிடைத்த அறைத்தோழர் அவர். மன்னார் ஆள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஓர் அறை, இரண்டு கட்டில், தெருவோரக் குப்பையில் பொறுக்கிய ஒரு டிவி. பழைய சாமான் சந்தையில் இருவருமாகச் சேர்ந்து விளையாட்டுப் பெட்டியையும் இந்தச் சுழியோடி கசெட்டையும் வாங்கினோம். அட்டைப்பெட்டி, மேனுவல் எல்லாம் அப்போது இருந்தன.

நான் உடனே கசெட்டைச் செருகி விளையாட உட்கார்ந்துவிட்டேன். அவர் மேனுவலையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு ஜெர்மன் சொல்லின் மேலும் பென்சிலால் தமிழ் எழுதுவார்.

"என்னண்ணை, சோதினைக்கே படிக்கிறியள்?" என்று பகிடி பண்ணுவேன்.

"விளங்காதவனுக்கு விளங்கட்டும் எண்டு ஆரோ ஒருத்தன் இருந்து எழுதியிருக்கிறான் தம்பி. வாசிக்காமல் விட்டால் அது மரியாதை இல்லை."

நான் சிரித்தேன். எனக்குக் கடதாசி என்றாலே குப்பைதான். ஜெர்மனியில் தபால்பெட்டியைத் திறந்தால் கடதாசி கொட்டும். அதை வகை பிரிக்க எங்கள் ஹைமில் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்ட சட்டமோ தெரியாது. மஞ்சள் கவர் வந்தால் கைகால் நடுங்க வேண்டும், அது அகதி வழக்கு விஷயம். மற்றதெல்லாம் விளம்பரம். அவ்வளவுதான் எங்கள் ஜெர்மன் அறிவு!

ஒரு சனிக்கிழமை பழைய பேப்பர் எடுக்க ஆட்கள் வருகிற நாள். நான் அறையைக் கூட்டினேன். சூப்பர்மார்க்கெட் விளம்பரங்கள், கசெட்டின் அட்டைப்பெட்டி, கட்டிலுக்கடியில் கிடந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வாசலில் வைத்துவிட்டு, பெரிய வேலை செய்த திருப்தியோடு வந்து படுத்தேன்.

அந்தக் கட்டுக்குள் ஒரு சாம்பல் கவர் இருந்தது. அன்ரன் அண்ணையின் பெயருக்கு வந்தது.

அண்ணைக்கு அப்போது வழக்கு வென்றிருந்தது. மனைவியை ஜெர்மனிக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஜெசிந்தா அக்கா கொழும்பில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் பெட்டியும் கையுமாக இருந்தார். அண்ணையைப் பத்திரங்களோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லி, நாளும் நேரமும் குறித்து டெர்மின் கொடுத்த கடிதம் அது. போகாதவரின் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். போய்விட்டது. அக்கா இன்னும் பதினொரு மாதம் அந்த லொட்ஜில் கிடந்தார்.

ஏன் பதில் வரவில்லை என்று மூன்று வாரம் கழித்து அண்ணை தானே போய் விசாரித்துவிட்டு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, சாம்பல் கவர் ஒண்டு வந்ததே?"

அந்த இடத்தில் நான் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "சாம்பல் கவரிலை வாறது குப்பைதானே அண்ணை" என்றேன். மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் நியாயம் பேசினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் கடைக்குப் போய் ஓர் ஓர்ட்னர் வாங்கி வந்தார். இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிற அந்தத் தடித்த அட்டைக் கோப்பு. கூடவே கடதாசியில் இரண்டு ஓட்டை போடுகிற கருவி. அன்றிலிருந்து ஜெர்மன் எழுத்துள்ள எந்தக் கடதாசியும் தப்பவில்லை. உடுப்புத் தோய்க்கிற முறைத் தாள், பல் டாக்டரின் அட்டை... ஒருநாள் பார்க்கிறேன், சுழியோடி மேனுவலும் இரண்டு ஓட்டையோடு உள்ளே!

சில மாதத்தில் அவருக்கு ஹனோவரில் வேலை கிடைத்தது. சாமான் பிரித்தோம். சோறு காய்ச்சும் பானை அவருக்கு, டிவி எனக்கு. விளையாட்டுப் பெட்டியையும் கசெட்டையும் என் பக்கம் தள்ளினார்.

"விளையாட்டை நீ எடு. கடதாசியை நான் வச்சிருக்கிறன். உன்னட்டைக் கடதாசி இருக்கிறது பத்திரமில்லை."

அதுதான் கடைசிப் பேச்சு.

இதையெல்லாம் ரகுவிடம் சொல்லி முடித்தேன். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மனைவி உள்ளே போய் டெலிபோன் டயரியோடு வந்தாள். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்புகிறவள் அவள்தான்.

"இந்தாங்கோ நம்பர். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதத் தெரியுது. ஒரு போன் எடுக்க ஏலாதோ?"

எடுத்தேன். மறுமுனையில் பெண் குரல்.

"அக்கா... நான் ஸ்டுட்கார்ட்டிலை இருந்து..."

"ஆர், கடதாசி எறிஞ்ச தம்பியோ?"

மேனுவல், கசெட், வால்டோர்ஃப் ரகு எல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். ஐந்து வருடமாக வராத சொல் எப்படித்தான் வந்ததோ!

மறுமுனையில் கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு அக்கா சொன்னார். "அந்தப் பதினொரு மாசமும் உம்மைத் திட்டாத நாளில்லை. மாதாவிட்டை மன்றாடிப்போட்டுத் திட்டுவன், திட்டிப்போட்டு மன்றாடுவன். இங்கை வந்து இறங்கின அண்டைக்கு அதை விட்டிட்டன். உவர்தான் விடேல்லை, எதையும் விடமாட்டார். நேரிலை வாரும்."

அடுத்த சனிக்கிழமை புறப்பட்டேன். வார இறுதிச் சலுகை டிக்கெட் — மலிவுதான், ஆனால் ஐந்து ரயில் மாற வேண்டும். மடியில் பையோடு, அதற்குள் விளையாட்டுப் பெட்டியும் கசெட்டுமாக, வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஹனோவர் பிளாட்பாரத்தில் அன்ரன் அண்ணை நின்றார். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். கையை நீட்டினார். கைகுலுக்கத்தான் என்று நானும் நீட்டினேன்.

"டிக்கெட்டைத் தா. நான் வச்சிருக்கிறன்."

கொடுத்தேன். சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டில் இடியப்பமும் மீன்குழம்பும். ஜெசிந்தா அக்கா மூன்றாம் தரமும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் நான் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை. "அண்ணை, பிழை என்ரைதான். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து போனார். சுவர் நிறைய ஓர்ட்னர்கள். மூன்றாவது தட்டிலிருந்து ஒன்றை உருவி என் முன்னால் வைத்தார். உள்ளே நிறம் நிறமாகப் பிரிக்கும் அட்டைகள். வாடகை, ஆஸ்பத்திரி, வரி... கடைசி அட்டையில் அவருடைய குண்டு எழுத்தில் 'தம்பி' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பின்னால் மேனுவல். அட்டையில் சுழியோடியின் வயிற்றில் ஓர் ஓட்டை, பக்கத்தில் மீனின் வாலில் ஓர் ஓட்டை. பக்கங்களில் மங்கிப்போன பென்சில் தமிழ். கடைசியில் குறிப்பெழுதவென்று விட்ட வெற்றுத் தாள்களில், ஒவ்வொரு கட்டமும் தாண்டியதும் டிவியில் வரும் ரகசியச் சொற்கள் — ஒன்று என் கோழிக்கிறுக்கலில், ஒன்று அவருடைய குண்டு எழுத்தில்.

அதற்கும் பின்னால் இன்னும் கடதாசி இருந்தது. புரட்டினேன். இந்தப் பத்தி. முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் நான் எழுதியது, நறுக்கி, ஓட்டை போட்டு, வரிசையாக... ஒரு வாரம்கூட விடுபடவில்லை. என்னிடமே அவ்வளவும் இல்லை!

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோவம் இருந்தது. இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். அதுக்காகக் கடதாசியை எறிய ஏலுமே?"

பிறகு, "சிலது சரியில்லை. இழுத்து எழுதுறாய்" என்றார்.

அன்று பின்னேரம் அவர்கள் டிவியில் பெட்டியை மாட்டினோம். ஆறாவது கட்டத்தில் ஒரு பாறை. அதைத் தாண்ட முடியாமல் முட்டி மோதி அலுத்துத்தான் கசெட்டை அலமாரியில் தூங்க விட்டிருந்தேன். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேனுவலில் விரல் வைத்து வாசித்தார்.

"கீழ் அம்பையும் பி பட்டனையும் ஒண்டா அமத்து."

அமத்தினேன். பாறை திறந்துகொண்டது.

"இதுக்கே ரெண்டு பேரும் இந்தப் பாடு?" என்றார் ஜெசிந்தா அக்கா.

கசெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து ரகுவுக்கு டெலிபோனில் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ஓட்டை என்றதும், யாரோ செத்துப்போனதுபோல ஒரு சத்தம் போட்டார்.

"ஐயோ! பென்சில் வேறயா? கலெக்டருக்கு வேஸ்ட் சார் அது." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கசெட், மேனுவல் ரெண்டும் இப்ப ஒரே எடத்துல இருக்கா சார்?"

"ஓம்."

"அப்ப கம்ப்ளீட் சார். இனிமே பிரிக்காதீங்க."

மேனுவல் முக்கியமா என்று அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், ரகுதான் சொல்லியிருக்க வேண்டும். விளையாட எனக்கு அது தேவைப்படவில்லை என்றுதான் நினைத்திருந்தேன் — பாறை வரும்வரை. நீங்களும் வீட்டில் எதையாவது கட்டி வெளியே வைக்கும் முன், ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

அன்ரன் அண்ணை, இதையும் நறுக்கி வைப்பீர்கள் என்று தெரியும். ஓட்டை எழுத்தில் விழாமலிருக்க, இந்த வாரம் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக இடம்விட்டு அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.