ஏழாவது நெட்டிலிங்கம்

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே அப்போது சுவர் கிடையாது. இருபத்திரண்டு நெட்டிலிங்க மரங்கள்தான். பாகம் பிரித்த கையோடு சுவர் எழுப்பினால் ஊர் சிரிக்கும் என்று அப்பா நினைத்தார். அதற்காக அண்ணன் முகத்தைக் காலையில் எழுந்ததும் பார்க்கவும் அவருக்கு மனமில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கன்றுகளை நட்டுவிட்டு, "வருசம் பூராப் பச்சையா இருக்குமுங்க, மில்லுத் தூசியும் வராது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். சிங்காநல்லூரில் எல்லாரும் அதை நம்பியதுபோல் தலையாட்டினார்கள்.

தண்ணீர் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு அப்பா ஒரு சட்டமே வைத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் வாளியைத் தொடக் கூடாது, வேர் அழுகிவிடும். மார்கழியிலும் தையிலும் ஒன்றுவிட்டு ஒரு நாள். மாசி பிறந்தால் தினமும். சித்திரையில் காலையும் மாலையும். ஆடியில்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். வானம் மூடிக்கொண்டு தூறல் போடும், ஆனால் பாலக்காட்டுக் காற்று மண்ணில் ஒரு சொட்டு ஈரம் விடாது. "மேகத்தைப் பாத்து ஏமாந்து போயிராத அம்மணி. மண்ணத் தொட்டுப் பாரு" என்பார். ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர்தான், மரத்துக்கு அரை வாளி.

பெரியப்பா மகளை நான் அக்கா என்பேன். பாகம் பிரிக்கும்வரை இருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள். பிரித்த பிறகு வாசல் வழியாகப் போனால் "எதுக்கு, என்ன வேலை?" என்று இரண்டு அம்மாக்களிடமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏழாவது மரம் எங்களுக்கு வாய்த்த வரம். நட்டதிலிருந்தே அது நோஞ்சான். அதன் பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கினால் யாருக்கும் தெரியாமல் அந்தப் பக்கம் போய்விடலாம்.

இரண்டாம் வருஷ மாசியில் மற்ற மரங்கள் எல்லாம் அப்பா உயரத்துக்கு வந்து கிளை கோத்துக்கொண்டன. நோஞ்சானும் செம்பு நிறத்தில் கொழுந்து விட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் நினைவிருக்கிறது. மறுநாளிலிருந்து என் வாளி ஆறாவது மரத்திலிருந்து நேராக எட்டாவது மரத்துக்குப் போனது. அப்போது எனக்குப் பதினோரு வயது.

சித்திரைக் கடைசியில் அது முழுக்கக் காய்ந்தது. அப்பா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார், பச்சை இல்லை. மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். மரத்துக்கு அந்தப் பக்கம், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பெரியப்பாவின் பிளேட்டிங் பட்டறை. பட்டறைச் சுவரோரமாக ஆசிட் கேன்கள் வரிசையாக நின்றன.

"தினமும் ஊத்துனியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஊத்துனேனுங்கப்பா."

"தண்ணி பத்தலைன்னா எல்லா மரமும் வாடோணும். ஒண்ணு மட்டும் எப்படிச் சாகும்?" என்று அம்மா பக்கம் திரும்பினார். "ஆசிட் ஊத்துனது நெசம்னா, நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்த ஊட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அப்பா வாயால் ஒன்று சொன்னால் அதை விடமாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதுவரை அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டார்களே தவிர, நோம்பி, பண்டிகை என்றால் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்காமல் இருந்ததில்லை.

மரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு அப்பா குரல் கொடுத்தார். பெரியப்பா கழிவுத்துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் கூடவே ஏறும்.

"ஏனுங்கண்ணா, வாயில்லாச் சீவனுங்க அது. அதுக்கு ஆசிட் ஊத்த எப்படிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு?"

பெரியப்பா மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் ஊற்றும் நேரத்தில்தான் அவர் அந்தப் பக்கத்துத் துணி துவைக்கும் கல்லருகே பல் விளக்கிக்கொண்டு நிற்பார். தாண்டித் தாண்டிப் போன என் வாளியை இரண்டு மாதமாகப் பார்த்திருக்கிறார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மூங்கில் என் முதுகில்தான் இறங்கும். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூங்கிலைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"ஆமா தம்பி" என்றார் பெரியப்பா. "கேன் கழுவுன தண்ணிய அங்க ஊத்திப்போட்டேன். தெரியாமப் பண்ணிப்போட்டேன், மனசுல வெச்சுக்காத."

'ஆமா'வுக்குப் பிறகு வந்த எதுவும் அப்பாவின் காதில் ஏறவில்லை. மூங்கிலைக் கீழே போட்டார். கத்துவார் என்று காத்திருந்தோம். திரும்பி உள்ளே போனார். அந்த வாரமே ஹாலோ பிளாக் லாரி வந்தது. சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட இருபத்தோரு பச்சை மரங்களையும் வெட்டிப்போட்டார்கள்.

எனக்கு அன்று வந்தது நிம்மதிதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். பெரியப்பாவைப்போல நல்லவர் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அக்கா கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. போன வருஷம் பெரியப்பா இறந்தபோது அப்பா தெருவரைக்கும் வந்தார். வெயிலில், செருப்பில்லாமல், பாடைத் தேர் புறப்படும்வரை அங்கேயே நின்றார். படி ஏறவில்லை.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் முதுகில் நாலு அடி விழுந்திருக்கும். அம்மா எண்ணெய் தடவியிருப்பாள், நாலு நாளில் ஆறியிருக்கும். பெரியப்பாவின் பொய் காப்பாற்றியது என்னை மட்டும்தான் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.