உதட்டைப் பார்த்து உப்பு சுமந்தவ

உப்பளத்து வேலைக்குக் காது தேவையில்லைன்னு சொல்லுவாங்க. தலை இருந்தா கூடையை ஏத்திக்கலாம், கால் இருந்தா வரப்புல நடக்கலாம், அவ்வளவுதான் வேலை. அதை நம்பித்தான் நானும் காதில்லாமலே அளத்துல இறங்கினேன். என்னை மாதிரி காது மந்தமானவங்க யாராவது இதைப் படிச்சா, இவ நம்ம கதையைத்தான் எழுதுறான்னு நினைப்பீங்க. நீங்களும் இதுல பாதியைப் பண்ணியிருப்பீங்க.

எனக்குப் பிறவியிலேயே இப்படி இல்ல. அஞ்சாவது படிக்கிறப்ப கடைசி வரிசையில உக்காந்திருந்தாலும் டீச்சர் சொல்றது கேக்கும். பாப்பா பொறந்த பிறகுதான் ஒவ்வொரு சத்தமா போச்சு. முதல்ல என் கொலுசு. அப்புறம் பால்காரர் சைக்கிள் மணி. அப்புறம் ஆளுங்க பேச்சு. பாப்பாவுக்கு ஒன்றரை வயசு இருக்கறப்ப, 2004 நடுவுல, என் வீட்டுக்காரர் போயிட்டாரு. உப்பு லாரியில லோடுமேன் வேலை. மூட்டைங்க மேல உக்காந்து போனவரு, லாரி சாஞ்சதுல திரும்பி வரல. அதுக்கு மேல அதை எழுத வரல எனக்கு.

பாப்பாவை இடுப்புல தூக்கிக்கிட்டு அளத்து வேலைக்கு வந்தேன். அப்ப எனக்கு ஒரே ஒரு ஆசைதான். பாப்பா பேச ஆரம்பிச்சிருந்துச்சு. அது என்னைக் கூப்பிடுறதை ஒரு தடவை காதால கேக்கணும்.

மூடு, போடு

காது போனா கண்ணு கத்துக்கும். எதிர்ல இருக்கறவங்க உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புடிச்சுடுவேன். ஆனா அளத்துல அதுக்கு ரெண்டு கெடுதல் இருக்குது. ஒண்ணு, வெயில். உப்பு மேல பட்டுத் திரும்புற வெளிச்சத்துல கண்ணு கூசும். சூரியனுக்கு முதுகைக் காட்டிட்டுப் பேசறவங்க மூஞ்சி எனக்கு வெறும் கருப்பு, அதுல உதடே இருக்காது. ரெண்டாவது, சில எழுத்துங்க. கண்ணாடி முன்னால நின்னு மூடுன்னு ஒரு தடவையும் போடுன்னு ஒரு தடவையும் சத்தமில்லாம சொல்லிப் பாருங்க. உதடு ஒரே மாதிரி ஒட்டும், ஒரே மாதிரி குவியும். அந்த ரெண்டு எழுத்தும் காதுக்குத்தான் வேற வேற. கண்ணுக்கு ஒண்ணுதான்.

சித்திரையில ஒரு நாள் திடீர்னு மேகம் கட்டிக்கிச்சு. வாரின உப்பைக் குவிச்சு வைக்கிற அம்பாரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு மேஸ்திரி கையை ஆட்டி ஆட்டிக் கத்துறாரு. போடு, போடுங்கறாரு. சரி, மழைக்கு முன்னாடி எவ்ளோ முடியுதோ அவ்ளோ கொட்டணும் போல இருக்குதுன்னு ஓட்டமா ஓடிக் கொட்டினேன். மத்த பொம்பளைங்க தார்ப்பாயை இழுத்து மூடிக்கிட்டே வர்றாங்க, நான் அந்தத் தார்ப்பாய் மேலேயே கவுக்கறேன். மூணு கூடை. மழை வந்து மூணையும் கரைச்சுக்கிட்டுப் போயிடுச்சு. எல்லாருக்கும் வயிறு குலுங்கினதை வெச்சுத்தான் சிரிக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. மேஸ்திரி மட்டும் சிரிக்கல. நேரா என் மூஞ்சிக்கு முன்னால வந்து, நான் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு: “ஏம்மா, மூடுன்னா போடற. நாளைக்கு வேலைக்கு வராதேன்னு சொன்னா முன்னாடியே வந்து நிப்பியா?”

தலையாட்டினது

காது கேக்காதவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டறது. திருப்பிக் கேக்கக் கூச்சம். ஒரு தடவை கேக்கலாம், ரெண்டு தடவை கேக்கலாம், மூணாவது தடவை அவங்க மூஞ்சி மாறுறதைப் பார்க்கறதை விட தலையாட்டிட்டுப் போறது சுலபம். நான் பொறவியிலேயே கூச்சக்காரி வேற.

எனக்குக் கூடை தூக்கி விடற ஜோடி அஞ்சலை அக்கா. அவங்க தூக்கி என் தலையில வெப்பாங்க, நான் அவங்க தலையில வெப்பேன். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு அப்பத்தான் நாலு மாசம். திடீர்னு அஞ்சு நாள் வேலைக்கு வரல. ஆறாவது நாள் காலையில வந்து என் எதிர்ல நின்னு ஏதோ சொன்னாங்க. சூரியன் அவங்களுக்குப் பின்னால ஏறிக்கிட்டு இருந்துச்சு. எனக்குக் கருப்பு மூஞ்சிதான் தெரிஞ்சுது. வழக்கம் போல சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டினேன்.

அக்கா தூக்கின கூடையைக் கீழ வெச்சுட்டாங்க. என் தோளைப் புடிச்சுத் திருப்பி, வெளிச்சம் அவங்க மூஞ்சியில விழற மாதிரி நின்னாங்க. அப்பத்தான் உதடு தெரிஞ்சுது. “வயித்துல இருந்தது போயிடுச்சுடின்னு சொல்றேன். நீ சிரிக்கிற.”

லாரி வந்தா

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அக்கா என்கிட்ட பேசல. வேற யாராவது பாவம் பார்த்துக் கூடை தூக்கி விடுவாங்க. பாப்பா, அளத்தோரம் இருக்கற ஓலைக் கொட்டாய்ல உக்காந்து மண்ணுல விளையாடிக்கிட்டு இருக்கும். அதுக்குப் பசிச்சாலும் சரி, முள்ளு குத்தினாலும் சரி, வந்து என் பொடவைக் கொசுவத்தைப் புடிச்சு ரெண்டு இழுப்பு இழுக்கும். கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்னு அந்த வயசுலேயே கத்துக்கிச்சு.

உப்பு ஏத்த லாரி வர்றப்ப மட்டும் வேற. ரோட்டுல லாரி திரும்பினதும் பாப்பா எழுந்து நின்னு வாயைத் தொறந்து கூப்பிடும். வரப்புல இருந்து பார்ப்பேன். உதடு ஒட்டிப் பிரியறது நல்லாத் தெரியும். அம்மா, அம்மா. லாரியில அப்பனைத் தொலைச்ச புள்ளை, பயப்படுதுன்னு கூடையை அப்படியே வரப்புல வெச்சுட்டு ஓடுவேன். தூக்கிக்கிட்டு, “இதோ வந்துட்டேன், அம்மா வந்துட்டேன்”னு சொல்லுவேன். அது என் மூஞ்சியைப் பார்க்காது. என் தோளுக்கு மேலால லாரியையே பார்த்துக்கிட்டு நெளியும். பயம் போகலைன்னு இன்னும் இறுக்கிப் புடிச்சுக்குவேன். ஒரு நாளைக்கு ரெண்டு லாரி, மூணு லாரி. ஒவ்வொண்ணுக்கும் ஓடுவேன். உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷமும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். காதால கேக்கலைன்னாலும் என்னைத்தானே கூப்பிடுது.

வேலை நடுவுல தண்ணி குடிக்கப் போனாலே திட்டற மேஸ்திரி இதுக்கு மட்டும் ஒண்ணும் சொல்றதில்ல. லோடு ஏத்தற ஆம்பளைங்களும் தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நானே கூச்சத்தை விட்டு ஒரு நாள், “லாரியைப் பார்த்தா பாப்பா பயந்துக்கிட்டு என்னைக் கூப்பிடுதுங்க, அதான் ஓடிடறேன்”னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் கீழ பார்த்தாரு. அப்புறம் எனக்குத் தெரியற மாதிரி மூஞ்சியைத் தூக்கிச் சொன்னாரு: “ஆமாம்மா, உன்னைத்தான் கூப்பிடுது. நீ போய்ப் பாரு.”

காகிதம்

சுனாமிக்கு அப்புறம் எங்க பக்கம் ஏதாவது ஒரு முகாம் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. பக்கத்து ஊரு அனுமந்தையில காதுக்குப் பார்க்கறாங்கன்னு கேள்விப்பட்டு, ரெண்டு மாசமா பேசாத அஞ்சலை அக்கா வந்து என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க.

அங்க ஒரு அம்மா என் எதிர்ல உக்காந்து கல், பால், படின்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. நானும் கரெக்டா திருப்பிச் சொன்னேன். பரவாயில்லையே நமக்குக் காது நல்லாத்தான் இருக்குதுன்னு நினைச்சேன். அப்ப அவங்க ஒரு காகிதத்தை எடுத்து வாயை மறைச்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான், உலகமே நின்னுடுச்சு. காகிதத்துக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும் என்னைப் பார்க்குது. காகிதத்தை இறக்கிட்டு, “இத்தனை நாளா கண்ணாலதாம்மா கேட்டிருக்க. நரம்பு நல்லா இருக்குது, உள்ள சின்ன எலும்பு இறுகிப் போச்சு. மிஷின் வெச்சா நல்லாக் கேக்கும்”னாங்க. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா ஒரு பொட்டி, அதுல இருந்து காதுக்கு ஒரு ஒயரு, உள்ள பேட்டரிக்கு ஒரு பேனா செல்லு. பொட்டியை நெஞ்சுல மாட்டி விட்டாங்க.

முதல்ல கேட்டது என் பொடவை பொட்டி மேல உரசின சத்தம், கோணி மூட்டையைத் தரையில இழுக்கற மாதிரி. ரெண்டாவது, பக்கத்துல அஞ்சலை அக்கா மூக்கை உறிஞ்சினது. நான் சொன்னேன்: “அக்கா, அன்னைக்கு சூரியன் உன் முதுகுப் பக்கம் இருந்துச்சு. உன் உதடு எனக்குத் தெரியவே இல்ல.” அக்கா என் தலையில நங்குன்னு ஒரு குட்டு வெச்சாங்க. “இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுதானேடி?”

பத்து மணி லாரி

மறுநாள் மிஷினோட அளத்துக்குப் போனேன். காலுக்கடியில உப்பு நொறுங்கற சத்தம் கேட்டுச்சு. பலகையால உப்பு வாரற சத்தம், தூரத்துல யாரோ இருமறது, எல்லாம் கேட்டுச்சு. நான் எதுக்கும் காது குடுக்கல. கொட்டாயையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். லாரி எப்ப வரும்னு இருந்துச்சு. எந்தப் பொம்பளையாவது அந்த லாரிக்காகக் காத்திருப்பாளா? நான் காத்திருந்தேன்.

பத்து மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டுச்சு. பாப்பா எழுந்து ஓரத்துக்கு ஓடி வந்துச்சு. உதடு ஒட்டிப் பிரிஞ்சுது.

“அப்பா!”

மிஷின் சரியில்லைன்னு நினைச்சேன். பொட்டியில சத்தத்தைக் கூட்டற சக்கரத்தைத் திருகினேன். திரும்பவும் அப்பா. இன்னும் சத்தமா, கையை நீட்டிக்கிட்டு, லாரிக்கு மேல மூட்டைங்க இருக்கற எடத்தைப் பார்த்து, அப்பா. என் தலை மேல கூடை இருந்ததே எனக்கு மறந்து போச்சு. உப்புத் தண்ணி கழுத்துல வழியுது. அளத்துல ஒருத்தரும் நடக்கல, ஒரு பலகையும் அசையல. அஞ்சலை அக்காதான் வந்து கூடையை இறக்கினாங்க. “எல்லாருக்கும் தெரியும்டி தேவி. நீ ஓடறதைப் பார்த்துட்டு எந்த வாய் வந்து சொல்லும்?”

உப்புக் காத்து

மிஷின் வந்த பிறகு எத்தனையோ மாறிப் போச்சு, அதையும் சொல்லணும். பின்னால கூடையோட வர்றவங்க “வழி, வழி”ன்னா ஒதுங்கறேன், முன்ன மாதிரி இடிபட்டுப் பாத்தியில விழறதில்ல. கடையில பேரைச் சொல்லிச் சாமான் வாங்கறேன், விரலை நீட்டறதில்ல. ஒரு நாள் ஓலை மேல விழுந்த முதல் தூறலை நான்தான் கேட்டு, “மூடுங்க, மூடுங்க”ன்னு கத்தினேன். என் குரல் அவ்ளோ பெருசுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

ஆனா உப்புக் காத்துக்கு மிஷின் தாங்கல. ஒரு மாசத்துல செல்லு உக்கார்ற கம்பி பச்சையாப் பூத்து நின்னு போச்சு. அடுத்த முகாம்ல அந்த அம்மா சுத்தம் பண்ணிக் குடுத்து, அளத்துக்கு மட்டும் இதைப் போட்டுக்கிட்டுப் போகாதேன்னாங்க. அளத்துலதாங்க எனக்குக் காது வேணும்னேன். அதுல இருந்து பால் கவரைக் கழுவிக் காய வெச்சு, பொட்டியை அதுல சுத்திப் போட்டுக்கறேன். நடந்தா மொறுமொறுன்னு கேக்கும். நான் கவர் சுத்தறதைப் பார்த்துட்டு மேஸ்திரி முதல் தடவையா சிரிச்சாரு: “மூடும்மா, நல்லா மூடு. கீழ மட்டும் போட்டுடாத.”

பொட்டிக்குள்ள

அப்புறமும் பாப்பா என்னைக் கூப்பிடல. கொசுவத்தை இழுக்கறதுதான். “அம்மான்னு சொல்லு, எனக்கு இப்பக் கேக்கும்”னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மூஞ்சியைப் பார்த்துட்டு ரெண்டு இழுப்பு இழுக்கும். கேக்காத காதுக்குப் பழகின புள்ளை. அதைக் குத்தம் சொல்ல முடியுமா?

2006ல, பாப்பாவுக்கு மூணு முடிஞ்சு, ஒரு மத்தியானம். சாப்பிட்டு முடிச்சுக் கொட்டாய்ல உக்காந்திருந்தோம். மேஸ்திரி செல்போன்ல பேசறதை அது கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என் மடியில ஏறி, நெஞ்சுல தொங்கற பொட்டியை ரெண்டு கையாலயும் புடிச்சு வாய்க்கிட்ட வெச்சுக்கிச்சு.

“அப்பா.”

சொல்லிட்டுப் பொட்டியில காதை வெச்சுக் கேட்டுச்சு. ரொம்ப நேரம் வெச்சிருந்துச்சு. அப்புறம் காதை எடுத்துட்டு என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துச்சு. மறுபடியும் பொட்டியில வாயை வெச்சு, “அம்மா, நீ உள்ள இருக்கியா?”ன்னு கேட்டுச்சு.

காது வந்த பிறகு வாய் போச்சு. அஞ்சலை அக்கா எச்சில் தூக்குச்சட்டியைக் கழுவாமலே கையில வெச்சுக்கிட்டு எங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. “பதில் சொல்லுடி, புள்ளை லைன்ல இருக்குது.”

உப்பளத்து வேலைக்குக் காது தேவையில்லைன்னு சொன்னவங்க ஒண்ணும் தப்பாச் சொல்லல, லாரி வந்தா அதுக்கப்புறமும் அதே வரப்புல அதே ஓட்டம்தான் ஓடினேன், பாப்பா யாரைக் கூப்பிடுதுன்னு நல்லாக் கேட்டுக்கிட்டே.